உறுப்பினர் எண் இரண்டின் வளர்ச்சி

எங்கள் குழுவில் நான்கு பேர். நான்கு பேரில் மிக நன்றாக வளர்ந்தவள் புருல்தான். செப்டம்பரில் வகுப்பிலேயே கடைசியாக இருந்தவள், மார்ச்சில் முதலாவதாக வந்தாள். நடுவில் ஜனவரி பதினாறாம் தேதி அவள் செத்துப்போனாள் என்பதை விட்டுவிட்டால், அந்த வளர்ச்சியில் யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் கல்லூரி அதை விட்டுவிட்டது.

பிஷ்கேக்கில் நீர்ப்பாசனம் சொல்லித்தருகிற கல்லூரி. பெயர் வேண்டாம், இன்னும் பட்டம் கைக்கு வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஏதோ ஒரு நாட்டிலிருந்து உதவி வந்தது. உடனே கீழ்த்தளத்துப் பம்பு அறையைக் காலி செய்தார்கள். பம்புகள் நடைவழிக்கு வந்தன. அறைக்குள் கம்பளம் வந்தது, வட்டமாகப் பன்னிரண்டு மெத்தை நாற்காலிகள் வந்தன, வெளியே புதுப் படிக்கட்டும் ஒரு பலகையும் வந்தன: ஆளுமை வளர்ச்சி மையம். இயக்குநர் ரோசா எசெனோவ்னா வகுப்பு தொடங்கிய முதல் நாளே எங்களைக் கூட்டிவைத்துப் பேசினார்.

"பிள்ளைங்களே, நீங்க வாய்க்கால் கட்டுவீங்களா மாட்டீங்களாங்கிறது எங்களுக்கு முக்கியமே இல்ல. வாய்க்கால் இன்னிக்கு ஓடும், நாளைக்கு அடைச்சுக்கும். ஒரு குழுவா நீங்க எப்படி வளர்றீங்க? அதுதான் முக்கியம். தண்ணிய அளக்க உலகத்துல ஆயிரம் கருவி இருக்கு. மனுஷன அளக்கிற கருவி நம்ம மையத்துல மட்டும்தான் இருக்கு."

கை தட்டினோம். யார் எவ்வளவு தட்டுகிறார்கள் என்று பின்வரிசையில் ஒருவர் குறித்துக்கொண்டிருந்தார். அவர் எர்கின், மையத்தின் பார்வையாளர். தீராத ஜலதோஷக்காரர். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர், ஆனாலும் மரியாதைக்கு 'அகாய்' என்று கூப்பிடுவோம், மூத்த பெண்களை 'எஜே' என்பது போல.

குழுவுக்கு ஒரு திட்டம் கொடுத்தார்கள். எங்களுக்கு வாய்த்தது கல்லூரித் தெருவின் ஆரிக். இந்த ஊரில் எல்லாத் தெருவோரத்திலும் ஓடுகிற வாய்க்கால்தான். பனி உருகும் மார்ச் மாதத்தில் மற்ற தெருக்களில் ஓடும். எங்கள் தெருவில் மட்டும் ஓடாமல் ஏறிக் கல்லூரிக்குள் வந்துவிடும். ஏன் என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். உறுப்பினர் எண் ஒன்று மேரிம், இரண்டு புருல், மூன்று சமகன், நான்கு நான், பெரிசாத்.

முதல் வாரம் நம்பிக்கை விளையாட்டு. கண்ணை மூடிக்கொண்டு பின்னால் விழ வேண்டும், மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும். சமகன் ஆறு தடவை விழுந்தான். புருலைக் காணவில்லை. தேடிப் போனால் முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு, முடிச்சுப் போட்ட கயிற்றால் ஆரிக்கை அளந்துகொண்டிருந்தாள்.

"ஏய் புருல், நாங்க அங்க விழுந்து விழுந்து வளந்துட்டிருக்கோம். நீ சேத்துல என்னடீ பண்ற?" என்றான் சமகன்.

"சரிவு பாக்குறேன். கயித்தோட அந்த முனையப் புடி. நீ விழுந்தது போதும்."

அந்த மாதம் அவளுக்கு வந்த குறிப்பு இது: 'குழுவிலிருந்து விலகி நிற்கிறார். தண்ணீர் மேல் அளவுக்கு மீறிய அக்கறை.'

விடுதிக் கட்டிலும் வளர்ச்சி மதிப்பெண்ணைப் பார்த்துத்தான். வளராதவர்கள் வெளியே தங்கிக்கொள்ளலாம். புருலும் நானும் வெளியே தங்கிக்கொண்டோம், ஊருக்கு வடக்கே புதுக்குடியிருப்பில், ஒரு அம்மாளின் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால். ஒரு சன்னல், இரண்டு மெத்தை, ஒரு நிலக்கரி அடுப்பு.

ஜனவரியில் அண்ணன் கல்யாணத்துக்காக நான் எங்கள் ஊர் தலாஸுக்குப் போனேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது வீட்டுக்கார அம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "அடுப்பு நல்ல அடுப்புதான்மா," என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. புகை. தூக்கத்திலேயே போயிருக்கிறாள். பெயரை எழுதிக்கொண்ட போலீஸ்காரர், "இந்த மாசம் இது ஒன்பதாவது" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

நடுப் பனிக்காலத்தில் யார் வேறு அறை தருவார்கள்? அதே அறையில்தான் இருந்தேன். அடுப்பை மூட்டினால் பயம், மூட்டாவிட்டால் குளிர். கோட்டும் தொப்பியுமாகப் படுத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்ப்பேன். அங்கே அவளுடைய மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். சுருட்டி வைத்தாலும் அது ஆள் படுத்திருப்பது போலவேதான் இருந்தது. முதுகைக் காட்டிப் படுத்தால் இன்னும் மோசம். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: நீராவிக் குழாய் ஓடுகிற விடுதியில் ஒரு கட்டில். பயமில்லாமல் கண்ணை மூட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று பேரும் மையத்துக்குப் போனோம். ரோசா எசெனோவ்னா எழுந்து நின்றார், நாங்களும் நின்றோம். ஒரு நிமிடம் மௌனம். எர்கின் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு மேரிம் மெல்ல ஆரம்பித்தாள்.

"எஜே, குழுப் பட்டியல்லருந்து புருல் பேர எடுத்துடுங்க."

"தாராளமா எடுக்கலாம்மா. விலகல் மனுவ உறுப்பினரே நேர்ல வந்து கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"அவ செத்துட்டா, எஜே."

"தெரியும்மா. நானும்தான் அழுதேன். ஆனா டீன் ஆபீஸ் பட்டியல் வேற, எங்க பட்டியல் வேற. அவங்க பட்டியல்ல இருக்கிறது மாணவி. எங்க பட்டியல்ல இருக்கிறது ஆளுமை. மாணவி இறந்துட்டா, வருத்தம்தான். ஆளுமையப் பத்தி எங்களுக்கு இன்னும் எந்தத் தகவலும் வரல."

"அந்தத் தகவல யாரு குடுக்கணும்?" என்று கேட்டான் சமகன்.

"அவங்கதான்." ரோசா எசெனோவ்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. நாலு பேருக்குக் கீழ போனா அது குழுவே இல்ல. குழு இல்லன்னா நீங்க மூணு பேரும் இந்த வருஷம் வளரல. வளரலன்னா அதே வருஷத்த மறுபடியும் படிக்கணும். பட்டியல ஜூன்லதான் திறப்போம். அதுவரைக்கும் அவளக் கைவிட்டுடாதீங்க. குழுன்னா அதுதானே?"

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். வெளியே வந்தோம். நடைவழியில் பம்புகள் துருப்பிடித்துக்கொண்டிருந்தன.

செவ்வாய்தோறும் குழுக் கூட்டம். தேநீர் ஊற்றுவது மேரிமின் வேலை. எங்கள் பக்கத்தில் ஊற்றுகிறவள் எல்லாக் கிண்ணத்தையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, பாதி பாதியாக ஊற்றி ஒவ்வொருவருக்கும் நீட்டுவாள். கை பழகிய வேலை, தலை அதில் சேராது. புருல் போன பிறகு நடந்த முதல் கூட்டத்தில் மேரிமின் கை பழக்கத்தில் நான்கு கிண்ணத்திலும் ஊற்றிவிட்டது. நான்காவதைக் காலி நாற்காலிக்கு முன்னால் நீட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. யாராலும் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து எர்கின் தும்மிக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. முழு வருகை."

"அகாய், அந்த நாலாவது…" என்று இழுத்தான் சமகன்.

"கிண்ணத்த எண்ணித்தான் வருகை போடணும்னு விதிப்பா. மூஞ்சியப் பாத்து எண்ணினா பாரபட்சம் வந்துடுமாம்." குரலைத் தாழ்த்தி, "அடுத்த வாரம் மூணு இருந்தா வருகை குறைவுன்னு எழுத வேண்டியிருக்கும். எனக்கும் மேல ஆளு இருக்கு," என்றார்.

அடுத்த செவ்வாயும் நான்கு கிண்ணம். அதற்கடுத்த செவ்வாயும். காலி நாற்காலிக்கு முன்னால் பால் தேநீர் ஆறி ஏடு படியும். நாங்கள் பேசுவதை நிறுத்தினால் அந்தப் பக்கம் பார்ப்போம், பார்த்துவிட்டு அவசரமாக மறுபடி பேசுவோம். கூட்டம் முடிந்ததும் அந்தத் தேநீரை யார் கொட்டுவது என்று ஒவ்வொரு வாரமும் சண்டை. மேரிம் மாட்டேன் என்பாள், சமகன் வெளியே ஓடிவிடுவான். நான்தான் கொண்டுபோய் ஆரிக்கில் ஊற்றுவேன்.

பிப்ரவரி மாத மதிப்பீட்டில் புருல் பாய்ந்து முன்னேறினாள். பிறர் பேச்சில் குறுக்கிடாமை, பத்துக்குப் பத்து. கூட்டத்தில் கைபேசி பார்க்காமை, பத்து. மோதலின்போது நிதானம், பத்து. தன் கருத்தைத் திணிக்காமை, பத்து. எனக்கு? அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும் என்பார்கள். எங்கள் மையத்தில் அழுத பிள்ளைக்குப் பத்துக்கு இரண்டு. 'உணர்ச்சிக் கட்டுப்பாடு போதாது. உறுப்பினர் எண் இரண்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும்.'

இதோடு முடியவில்லை. ஒவ்வொருவரும் வாரம் ஒரு பக்கம் சுயசிந்தனைக் குறிப்பு எழுத வேண்டும். ஒருவர் எழுதாவிட்டாலும் எல்லோருக்கும் பூஜ்யம். புருலின் குறிப்பேடு மேசை மேல் கிடந்தது.

"நீதான்டீ அவகூட இருந்த, நீயே எழுது," என்று சமகன் என் பக்கம் தள்ளினான்.

"நீ எழுதினா என்ன?"

"எனக்கு அவளக் கண்டா உயிரோட இருக்கும்போதே பயம்."

கேள்வி எப்போதும் ஒன்றேதான்: இந்த வாரம் குழுவில் இருந்து நான் என்ன கற்றுக்கொண்டேன்? 'பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையில் பதில் வந்தது: 'அருமையான தொடக்கம். இன்னும் ஆழமாகப் போகலாம்.'

அடுத்த வாரம் எழுதினேன்: 'ஆழமாகத்தான் போயிருக்கிறேன். இங்கே குளிர்கிறது. மேலே யாரோ நடக்கிறார்கள், சத்தம் கேட்கிறது.' பதில்: 'தன்னுணர்வு சிறப்பு. நடப்பவர்களோடு உறவை வளர்த்துக்கொள்ளவும்.'

மூன்றாவது வாரம் அந்தக் குளிர் அறையில் உட்கார்ந்து எழுதும்போது, எழுத்துகள் இடதுபக்கம் சாய ஆரம்பித்தன. அவள் எழுத்து அப்படித்தான் சாயும். வேண்டுமென்று நான் செய்யவில்லை. எழுதி முடித்த பிறகுதான் படித்துப் பார்த்தேன். 'ஊருக்குப் போகும்போது பெரிசாத் சொன்னாள்: படுக்கும்முன் அடுப்புக் குழாயின் புகைக்கதவைச் சீக்கிரமே மூடிவிடு, அப்போதுதான் சூடு விடியும்வரை நிற்கும் என்று. நான் மூடினேன்.'

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை, போலீஸ்காரரிடம் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் அது. ஆனால் அவளிடம் சொன்னது நான். பக்கத்தைக் கிழிக்கக் கை வைத்தேன், முடியவில்லை. கொடுத்துவிட்டேன். யாராவது ஒருவர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், திட்டுவார்கள், ஒரு அறையாவது விடுவார்கள் என்று காத்திருந்தேன்.

பதில் வந்தது: 'சக உறுப்பினருக்கு நேர்மையான, பண்பான விமர்சனம். பத்துக்குப் பத்து.' என்னுடைய குறிப்பேட்டில் தனியாக ஒரு வரி இருந்தது: 'உறுப்பினர் எண் இரண்டின் விமர்சனத்துக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. திறந்த மனம் தேவை.'

அந்த வரியைப் படித்த அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது.

அவள் போன நாற்பதாம் நாள் வந்தது. அட்பாஷியில் அவள் வீட்டில் ஆட்டை அறுத்திருப்பார்கள், ஊரே வந்திருக்கும். கணவாயில் பனி மூடி பஸ் போகாததால் எங்களால் போக முடியவில்லை. எண்ணெய் காய்ந்து மாவு பொரிகிற மணம் செத்தவர்களைப் போய்ச் சேரும் என்பது எங்கள் நம்பிக்கை. வார்டன் தொக்தோகான் எஜேயிடம் கெஞ்சி விடுதிச் சமையலறையை வாங்கிக்கொண்டோம். மேரிம் மாவைப் பிசைந்தாள், சமகன் துண்டு துண்டாக வெட்டினான், நான் பொரித்தேன். மூன்று மாடிக்கும் மணம் ஏறியது. ரோசா எசெனோவ்னாவுக்கும் ஏறியது. மையத்தைப் பார்க்க வந்த விருந்தாளிகள் இருவரோடு நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டார்.

"அடடே, யாருக்காகப் பண்ணது?" சூடாக ஒன்றை எடுத்து ஊதிக்கொண்டே கேட்டார்.

"புருலுக்கு, எஜே. நாப்பதாம் நாள்."

விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? இவங்க மூணு பேரையும் இன்னிக்கு ஒண்ணாச் சேத்தது யாரு? புருல். ஒரு வார்த்த பேசல, ஒரு உத்தரவு போடல, எல்லாத்தையும் செய்ய வெச்சுட்டா. இதத்தான் நான் தலைமைப் பண்புங்கிறேன். உயிரோட இருக்கிற எத்தன பேருக்கு இது வருது?" இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். பின்னாலேயே வந்த எர்கின் பத்து போட்டார்.

மார்ச் முதல் தேதி பட்டியல் ஒட்டினார்கள். அசான் மகள் புருல், தொண்ணூற்றாறு, அறை இருநூற்றுப் பதினான்கு, சன்னலோரக் கட்டில். நான் ஐம்பத்திரண்டு. எனக்கு மேலே பதினேழு பேர் காத்திருந்தார்கள். பலகைக்கு முன்னால் நின்று நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள்.

அன்று சாயங்காலம் தொக்தோகான் எஜே என்னை மாடிப்படியில் நிறுத்தினார். பருத்த உடம்பு, இடுப்பில் சாவிக் கொத்து, ஒரு வார்த்தைக்கு மேல் பேசினால் மூச்சு வாங்கும்.

"நீ இன்னும் அந்த அறையிலதான் இருக்கியா?"

"ஆமா, எஜே."

"மூணு நாள்ல ஆளு வரலன்னா அந்தக் கட்டில் ரோசா எசெனோவ்னாவோட தங்கச்சி பொண்ணுக்குப் போயிடும். அவளுக்கு இந்த ஊர்லயே வீடு இருக்கு. போய் மூட்டயக் கட்டிட்டு வா."

"என் பேரு பட்டியல்ல இல்லையே, எஜே."

"கட்டிலுக்குப் பேரு தெரியுமா? தினம் ஆறு மணிக்கு நான் பட்டியல் வாசிப்பேன். புருல்னு கூப்பிடுவேன். இருக்கேன்னு ஒரு சத்தம் வரணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

போனேன். பின்னே? மானம், ரோசம் எல்லாம் குளிர் தாங்காத பொருள்கள். குழாயில் நீராவி தடதடவென்று ஓடியது, போர்வைக்குள் கால்விரல்கள் எனக்குச் சொந்தமாயின. ஆறு மணிக்கு எஜே வாசலில் நின்று "அசான் மகள் புருல்" என்பார். "இருக்கேன்" என்பேன். முதல் நாள் மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் சொன்னேன். நான்காம் நாள் நன்றாகவே வந்தது. அறையில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் என் கட்டிலில் உட்கார மாட்டார்கள், விளக்கை அணைத்த பிறகு என்னோடு பேச மாட்டார்கள். பத்தாம் நாள் செருப்பு தைக்கக் கொடுத்த கடையில் பெயர் கேட்டான். புருல் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, தெருவில் வெகுநேரம் நின்றேன். பயந்து பயந்து அந்தப் பழைய அறையில் விட்டுவிட்டு வந்தேனே, அவள் அங்கே இல்லை. என் வாய்க்குள்ளேயே குடியேறிவிட்டாள்.

அந்த வாரம் பனி உருகியது. ஆரிக் ஏறி வந்து மையத்துக்குள் புகுந்தது, பன்னிரண்டு மெத்தை நாற்காலிகளும் மிதந்தன. மேரிம் புருலின் கயிற்றுக் கணக்கை எடுத்து வந்தாள். மையத்தின் புதுப் படிக்கட்டுக்கு அடியில் போட்ட குழாய் மேட்டைப் பார்த்து இருக்கிறது என்று புருல் அக்டோபரிலேயே எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டு வைத்திருந்தாள். ரோசா எசெனோவ்னாவிடம் காட்டினோம். முழங்கால் தண்ணீரில் நின்றபடி படித்துப் பார்த்தார். "எல்லாம் சரி. ஆனா இதுல உங்க உணர்வு எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஒரு நாற்காலியைப் பிடிக்கப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் கடப்பாறையும் மண்வெட்டியுமாக இறங்கினோம். யாரும் பார்க்கவில்லை, யாரும் எண்ணவில்லை. சமகன் வாயைத் திறக்காமல் ஆறு மணி நேரம் தோண்டினான், மேரிமின் கைகளில் கொப்புளம் வெடித்தது. குழாயைத் தூக்கி, புருல் சொன்ன அளவுக்குச் சரித்து வைத்தோம். தண்ணீர் ஒரு கணம் யோசித்தது, பிறகு போய்விட்டது. மேரிம் சேற்றிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்கு மட்டும் புருல் என்னைத் துரத்தவில்லை, கூட நின்றாள்.

மார்ச் இருபத்தைந்து. விடுதி வாசலில் வெள்ளை முக்காடு போட்ட ஒரு சிறிய பெண்மணி, கையில் துணி மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார். கல்லூரியின் முத்திரை போட்ட கடிதத்தை மார்போடு பிடித்திருந்தார். 'தங்கள் மகளின் வளர்ச்சியைப் பாராட்டி விடுதியில் கட்டில் ஒதுக்கியுள்ளோம். பெற்றோர் நேரில் வந்து பார்வையிடலாம்.' அட்பாஷியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். புருலின் அம்மா.

ரோசா எசெனோவ்னா புகைப்படக்காரரோடும் எர்கினோடும் வந்து அவரை மேலே அழைத்து வந்தார். நான் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தேன். ஒளிய இடமில்லை.

"எம் புள்ளக்கிக் குடுத்த கட்டிலு எதுங்க?"

"இதுதாம்மா. சன்னலோரம், நல்ல வெளிச்சம். உங்க பொண்ணு எவ்வளவு வளந்துட்டா பாருங்க, தொண்ணூத்தாறு!"

"அவ என் தோளு ஒசரந்தான் இருந்தா," என்றார் அம்மா. கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். எட்டிச் சுவரோரக் குழாயைத் தொட்டார். "சுடுது." கொஞ்ச நேரம் கையை அதிலேயே வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "பள்ளிக்கூடம் தொறந்ததுலருந்து மூணு தரம் கட்டிலு கேட்டு எழுதிக் குடுத்தேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அப்பக் குடுக்கலியா தாயி?"

"அப்போ அவளுக்கு நாப்பத்தொண்ணுதான்மா," என்றார் ரோசா எசெனோவ்னா கனிவாக. "வளர்ச்சிக்குக் காலம் ஆகும். அவசரப்படக் கூடாது."

புகைப்படக்காரர் கருவியைக் கீழே இறக்கிவிட்டார்.

மணி ஆறு. தொக்தோகான் எஜே பட்டியலோடு வாசலில் வந்து நின்றவர், உள்ளே இருப்பது யார் என்று பார்த்ததும் திரும்பப் போனார். ரோசா எசெனோவ்னா விடவில்லை. "வாசிங்க, வாசிங்க. அம்மாவும் கேக்கட்டும்."

மற்ற இரண்டு பெண்களின் பெயர்கள் முடிந்தன.

"அசான் மகள் புருல்."

வாயைத் திறந்தேன். மூன்று வாரமாகத் தானாக வந்த வார்த்தை வரவில்லை. அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசான் மகள் புருல்." எஜேயின் கண் என்னைக் கெஞ்சியது. மூன்று முறை கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் கட்டில் போய்விடும். மாட்டுக்கொட்டகை, அடுப்பு, சுருட்டிய மெத்தை எல்லாம் எனக்குத் தெரியும்.

"அசான் மகள்…"

"செத்துட்டா, எஜே," என்றேன். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "நான் பெரிசாத்தும்மா. அவகூட இருந்தவ. புகைக்கதவச் சீக்கிரம் மூடுன்னு சொல்லிட்டு ஊருக்குப் போனது நான்தான். இங்க அவ பேர்ல படுத்துக்கிட்டிருக்கிறதும் நான்தான்."

ரோசா எசெனோவ்னாதான் முதலில் தேறினார். "இந்தப் பதிலுக்குப் பட்டியல்ல கட்டம் கிடையாது. இருக்கார், இல்ல. ரெண்டே ரெண்டுதான். எதப் போடறது?"

எஜேயின் பேனா தாளுக்கு மேலே நின்றது. அம்மா என்னையே பார்த்தார். பிறகு மறுபடி குழாயைத் தொட்டார்.

"அவ இருக்கான்னு போடு தாயி," என்றார்.

"அம்மா…" என்றார் எஜே.

"போடு. ஒரு புள்ளயாச்சும் சூட்டுல தூங்கட்டும்."

எஜே டிக் அடித்தார். ரோசா எசெனோவ்னா எர்கின் பக்கம் திரும்பி, "எழுதிக்கோங்க. பெற்றோர் பங்கேற்பு, பத்து," என்றார். எர்கின் எழுதவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். ஜலதோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அம்மா எழுந்தார். மூட்டையை என் மடியில் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். என் கன்னத்தைத் தொடுவார் என்று நினைத்தேன், தொடவில்லை. போர்வையின் சுருக்கத்தை மட்டும் நீவிவிட்டார்.

"படுக்கும்போது சன்னலக் கொஞ்சம் தொறந்து வெச்சுக்க, என்ன?"

இங்கே அடுப்பே கிடையாது, வெறும் நீராவிதான் என்று நான் சொல்லவில்லை. எழுந்து போய்த் திறந்தேன்.